“உள்ளே என்ன இருக்கிறதென்று தம்பிக்குத் தெரியாது, மிஸ்”

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி, சட்டத்தரணியான எனக்குக் கையால் எழுதிய நாலு பக்கக் கடிதம் இது. ஊர்ப் பெயர், படகின் விவரம், தொகை எல்லாவற்றையும் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

“மிஸ், எனக்கு ஒரே தம்பி. பலநாள் போட்டில் ஸ்கிப்பர். போட் சம்மாட்டியுடையது, அவர்தான் முதலாளி. போன வருடம் வலை போனதிலிருந்து தம்பிக்கு எட்டு லட்சம் வட்டிக்கடன். கடன் கொடுத்தவர் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். அடுத்த ஓட்டத்தில் கிழக்கே போகாமல் தெற்கால் சுற்றி மேற்குக் கடலுக்குப் போகட்டுமாம். அங்கே வேறொரு படகு நாலு சாக்குத் தருமாம். கரைக்கு வருமுன் அதை ஒரு பைபர் போட்டுக்கு மாற்றிவிட்டால் பதினைந்து லட்சம். இரண்டு லட்சம் முற்பணமும், ஒரு சாட்டலைட் போனும், பாதியாகக் கிழித்த இருபது ரூபாய்த் தாளும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முதலில் மெசின் பாகம் என்றார். தம்பி திருப்பிக் கேட்டதற்கு, ‘துவக்குச் சாமான்தான், தூள் (ஹெரோயின்) இல்லை, பயப்படாதே’ என்றாராம். தூள் இல்லையென்றால் பெரிய குற்றம் இல்லைதானே என்கிறான் தம்பி. சாக்கை அவிழ்க்காமல் கொண்டுவந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது என்று சொல்லலாம்தானே? காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? பொலிஸுக்குப் போனால் எங்களையே பயங்கரவாதச் சட்டத்தில் போட்டுவிட மாட்டார்களா?”

தங்கச்சி,

கடிதம் கைக்கு வந்த அன்று பின்னேரமே உங்களைக் கூப்பிட்டுக் கதைத்துவிட்டேன். போட் வெளிக்கிட நாள் குறித்தாகிவிட்ட விஷயத்துக்கு அச்சில் பதில் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் போனில் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. பாதி நேரம் நீங்கள் அழுதீர்கள், மீதி நேரம் பின்னால் பிள்ளை அழுதது. திருக்கடலூர், நிலாவெளி, புல்மோட்டை, மூதூர், கிண்ணியா என்று இந்தக் கரை நெடுக இதே பேச்சு வந்துபோன வேறு வீடுகளும் இருக்கக்கூடும். அதனால் உங்கள் சம்மதத்தோடு முழுதாக எழுதுகிறேன்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ‘துவக்குச் சாமான்தான்’ என்று அந்த ஆள் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியோடு ‘தெரியாது’ என்ற சொல் உங்கள் தம்பியின் கையை விட்டுப் போய்விட்டது. இனி அவர் சாக்கின் வாயை அவிழ்த்தால் என்ன, அவிழ்க்காவிட்டால் என்ன.

சரி, அந்த ஆள் வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஒரு பொருள் ஒருவரின் உடைமையில் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும்போது இரண்டைத் தேடும். பொருள் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்ததா? இருக்கிறதென்று அவர் அறிந்திருந்தாரா? அறிவு மனசுக்குள் கிடப்பது, அதை யாரும் படம் பிடித்துக் காட்ட முடியாது. ஆகவே சுற்றியுள்ளதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். ஒரு ஓட்டத்தில் நல்லாக மீன் பட்டால் ஸ்கிப்பரின் பங்கு எவ்வளவு வரும் என்று கடலோரத்து நீதவானுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நாலு சாக்கு மெசின் பாகத்துக்கு 15 லட்சம் கூலி யார் கொடுப்பார்? மெசின் பாகமென்றால் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலனில் வந்து, சுங்கத் தீர்வை கட்டி, லொறியில் ஏறி வரும். இருட்டில் நடுக்கடலில் கைமாறாது. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே என்று பயந்து கேட்காமல் இருந்தவரை ஒன்றும் அறியாதவர் என்று சொல்லி எந்த நீதிபதியையும் நம்பவைக்க என்னால் ஆகாது.

அடுத்தது அந்தத் ‘தூள் இல்லை, பயப்படாதே’. இந்தத் தொழிலில் சொல்லப்படும் பொய்களில் கெட்டிக்காரப் பொய் இது. செய்தியில் நாளாந்தம் காட்டுவதெல்லாம் தூளும் ஐஸ் போதைப்பொருளும்தான் என்பதால், தூள் இல்லை என்றதும் மனசு இலேசாகிவிடுகிறது. (ஐஸ் என்றால் முன்பு எங்கள் கரையில் மீனுக்குப் போடுவது மட்டும். இப்போது ‘ஐஸ் வந்துவிட்டதா’ என்று யாராவது சத்தமாகக் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார்.) துவக்குக்கு வருவோம். நம் நாட்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம், வெள்ளைக்காரன் காலத்தது. பறவை சுடும் துவக்குக்கும் பன்றி விரட்டும் துவக்குக்கும் லைசென்ஸ் கொடுக்க எழுதப்பட்ட சட்டம்போலவே பல இடங்களில் இருக்கும். ஆனால் 1996இல் 22ஆம் இலக்கச் சட்டத்தால் அதைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு தானியங்கித் துவக்கு ஒன்றை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருந்தாலே ஆயுள் தண்டனை. நம் நாட்டு வழக்குகளில் அடிக்கடி அடிபடும் டி-56 ரகம் அந்த வகைதான். ஒரு தடவைகூடச் சுட்டிருக்கத் தேவையில்லை. கைக்குண்டு போன்றவற்றுக்கு 1966ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. நீங்கள் பெயர் சொல்லவே பயப்படுகிற பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும், அதிகாரமில்லாமல் சுடுகலனோ ரவையோ வெடிபொருளோ இறக்குமதி செய்வது தனிக் குற்றம். குறைந்தது 5 ஆண்டு, கூடினால் 20. இவற்றோடு சுங்கச் சட்டமும் வந்து படகைக் கேட்கும். கடத்தலுக்குப் பாவித்த படகு பறிமுதலாகும், சம்மாட்டி ஒன்றும் அறியாதவராக இருந்தாலும் முதலில் அதை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் விசாரணை.

‘சாமான்’ என்ற சொல்லிலும் ஒளிய இடமில்லை. முழுத் துவக்கு இல்லை, பாகம் மட்டும்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. நாட்டுக்கு நாடு துவக்குக் கடத்தலைத் தடுக்க ஐக்கிய நாடுகள் சபை 2001இல் ஏற்றுக்கொண்டு 2005இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் தலைப்பிலேயே சுடுகலன், அதன் பாகங்கள், ரவைகள் என்று மூன்றும் சேர்ந்துதான் நிற்கின்றன. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குழாய் ஒரு படகில், பிடி ஒரு படகில் வந்தாலும் கரையில் பூட்டி முடிக்க அதிக நேரம் வேண்டியதில்லை.

எங்கள் வயதுக்காரருக்கு இந்த ஊரில் ‘கடலால் ஆயுதம்’ என்றால் யுத்த காலத்துக் கப்பல்கள்தான் ஞாபகம் வரும். 2007 செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் தூர ஆழ்கடலில் புலிகளின் ஆயுதக் கப்பல்களை இலங்கைக் கடற்படை மூழ்கடித்த செய்தி கேட்ட நாட்கள் உங்களுக்கு மறந்திருக்கலாம், உங்கள் அம்மாவுக்கு மறந்திருக்காது. அது வேறு அளவு, வேறு கதை. இப்போது கண்டுபிடிபடுகிறவற்றில் துவக்கு சில வேளை தூளின் தோளில் ஏறி வருகிறது. 2021 மார்ச்சில் மினிக்கோய் தீவுக்கு அப்பால் இந்தியக் கரையோரக் காவல் படை ‘ரவிஹன்சி’ என்ற இலங்கை மீன்பிடிப் படகை மறித்தது. உள்ளே 300 கிலோ ஹெரோயின், 5 ஏகே-47, 9 மில்லிமீற்றர் ரவை 1,000. படகில் இருந்தவர்கள் இலங்கையர் 6 பேர். வழக்கு கேரளாவில். உங்கள் தம்பிக்குச் சொல்லப்பட்ட ‘மேற்குக் கடல்’ எந்தப் பக்கம் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கே பிடிபட்டால் விளக்கமறியல் திருகோணமலையில் இருக்காது. நீங்கள் பார்க்கப் போவதற்குக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும், விசா எடுக்க வேண்டும், அங்குள்ள சட்டத்தரணிக்கு அங்குள்ள காசில் கொடுக்க வேண்டும். தூள் இல்லை என்று அந்த ஆள் சொன்னது உண்மையா என்று கேட்டால், நாலு சாக்கில் என்ன வருகிறது என்று அவருக்கே முழுதாகச் சொல்லியிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

போனில் உங்கள் தம்பி, நடுக்கடல் யாருடைய நாடும் இல்லைதானே அக்கா என்று கேட்டார். பாதி சரி. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் நாட்டுக் கடல், 24 வரை சுங்கம் தலையிடலாம். அதற்கப்பால் மற்ற நாட்டுக் கடற்படை வேறு நாட்டுக் கொடியுள்ள படகில் நினைத்தபடி ஏறிவிட முடியாது. 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையில் அதற்குச் சில காரணங்கள்தான் இருக்கின்றன, ஆயுதக் கடத்தல் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. ஆனால் நம் நாட்டில் பதிந்த படகு எத்தனை மைல் போனாலும் நம் நாட்டுச் சட்டத்துக்குள்தான் மிதக்கிறது, நம் கடற்படை எங்கேயும் ஏறலாம். மற்ற நாடுகள் கொழும்பிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு ஏறலாம். கொடியும் பதிவும் காட்ட முடியாத படகென்றால் கேட்கவும் தேவையில்லை.

படகு எங்கே நிற்கிறதென்று கரைக்குக் காட்டும் வீ.எம்.எஸ். கருவியை ‘பழுதாகிவிட்டது என்று சொல்லு’ என்று அந்த ஆள் சொன்னாராம். கடிதத்தில் நீங்கள் இதை எழுதவில்லை, போனில்தான் தம்பி சொன்னார். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்தக் கருவி படகுகளுக்கு வந்த கதை கரையில் எல்லாருக்கும் தெரியும். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனை வாங்குவதை நிறுத்தியது. படகு எங்கே போய் மீன் பிடிக்கிறது என்று காட்ட நம்மிடம் ஒழுங்கான வழி இல்லை என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். 2016 நடுப்பகுதியில் தடை நீங்குவதற்குள் ஆழ்கடல் படகுகளில் கருவி பூட்டியாகிவிட்டது. மீனுக்காக வந்த கருவி இப்போது சாட்சியாகவும் நிற்கிறது. கொட்பே துறைமுகத்தில் வெளிக்கிடும்போது வேலை செய்து, மேற்குக் கடலில் நாலு நாள் செத்துப்போய், திரும்பி வரும்போது உயிர்த்தெழுந்த ஒரு கருவியைப் பற்றி அரச சட்டத்தரணி கேட்கப்போகும் கேள்விகளை என்னால் இப்போதே சொல்ல முடியும்.

இதுவரை தம்பியைப் பற்றியே கதைத்தோம். அந்தப் போட்டில் ஏறப்போகிற மற்ற நாலு பேர் யார்? ஒருவர் வீட்டு வாடகை கட்டக் காசு கேட்டு நின்றவர் என்றீர்கள். ஒருவருக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. இவர்களிடம் தம்பி என்ன சொல்லி ஏற்றப்போகிறார்?

2024 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படை ஒரு தோணியை மறித்தது. கொடி இல்லை. உள்ளே யேமனுக்குப் போகிற, ஈரானில் செய்த ஏவுகணைப் பாகங்கள். மறிக்கும்போது அமெரிக்க வீரர் 2 பேர் கடலில் விழுந்து இறந்தார்கள். ஸ்கிப்பர் ஒரு பாகிஸ்தான்காரர். அமெரிக்காவில் வழக்கு நடந்து 2025இல் அவருக்கு 40 ஆண்டு சிறை. அந்த வழக்கில் அவருக்கெதிராகச் சாட்சி சொன்னவர்கள் அவருடைய ஆட்களே. மீன் பிடிக்கத்தான் போகிறோம் என்று நம்பி ஏறியதாக அவர்கள் சொன்னார்கள். கரையில் ஒன்றாக இருந்து சாப்பிட்டவர்கள் கூண்டில் ஏறிக் கை நீட்டிக் காட்டுவார்கள், தங்கச்சி. அவர்கள் செய்வது பிழையும் இல்லை.

நான் தொழிலுக்கு வந்து சில வருடங்களில் ஒரு வழக்கு. படகில் பிடிபட்டவர்களில் ஒரு பொடியனுக்கு 19 வயது. நூல் இழுத்து இழுத்து இரண்டு ஆட்காட்டி விரலிலும் கோடு கோடாக வெட்டு, அதற்குள் மீன் கறை கறுப்பாக இறங்கியிருந்தது. ‘மிஸ், நான் சோறு சமைக்கப் போனவன்’ என்பான். அதற்கு மேல் அவனிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, உண்மையும் அதுதான். ஒவ்வொரு தவணைக்கும் அவனுடைய தாய் விடிய முதல் பஸ்ஸில் பிட்டும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு வருவா. உள்ளே விடமாட்டார்கள். படியில் இருந்து தானும் சாப்பிடாமல் எனக்குத் தருவா. 14 மாதம் அப்படிப் போனது. கடைசியில் அவனுக்கெதிராக ஒன்றுமில்லை என்று விட்டார்கள். விட்ட அன்று அவன் என்னைக் கேட்டது, அந்த ஸ்கிப்பர் அண்ணனுக்கு எப்போது விடுதலை என்று. அவருக்கு இன்னும் இல்லை என்றேன்.

துவக்கு யார் கைக்குப் போகும் என்று தம்பி யோசிக்கவில்லை என்றீர்கள். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், கூண்டில் நின்ற ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு தடித்த சட்டப் புத்தகத்தின் நடுவைக் குடைந்து அதற்குள் துவக்கை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் துவக்கு எந்த வழியால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாசலில் என் பையைக் காவலர் கிண்டும்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

இனி, என்ன செய்வது.

இன்றைய நிலையில் உங்கள் தம்பி கடலுக்குப் போகவில்லை, சாக்கை வாங்கவில்லை. கையில் இருப்பது காசு, போன், அரைத் தாள். இது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. சூழ்ச்சி, உடந்தை என்று சட்டம் பின்னுக்கு வந்து பிடிக்க வழி இருக்கிறது. ஆனால் சாக்கு போட்டில் ஏறுவதற்கு முன் வந்து சொன்னவருக்கும், ஏறிய பிறகு பிடிபட்டவருக்கும் இடையில் உள்ள தூரம் நான் எந்த வாதத்தாலும் நிரப்ப முடியாத தூரம். ஆகவே அந்த ஓட்டம் இல்லை. ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்பதும் இல்லை. ஒரு தடவை போன ஸ்கிப்பரை அவர்கள் விடமாட்டார்கள், ஏனென்றால் பிறகு அவரைப் பயமுறுத்த ஆதாரம் அவர்கள் கையில் இருக்கும்.

போனைக் கடலில் எறியப் போவதாகத் தம்பி சொன்னார். வேண்டாம். அனுமதி இல்லாமல் சாட்டலைட் போன் வைத்திருப்பதும் குற்றம்தான், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் எறிந்தால் அது தடயத்தை அழித்ததாகிவிடும். நீங்கள் சொல்லும் கதை உண்மை என்று காட்ட இருக்கிற பொருளும் அதுதான். ஓஃப் பண்ணி, பொலித்தீன் பையில் போட்டு, யாரும் தொடாமல் வையுங்கள். தாளும் அப்படியே. நம்பர் உள்ள பாதி உங்களிடம் இருக்கிறது என்றீர்கள். துவக்கு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் ஒரு எண் குத்தியிருக்கும், அதை அரத்தால் அராவிவிடுவார்கள். இந்த இருபது ரூபாயின் எண்ணை மட்டும் அவர்களால் அராவ முடியாது. சாக்குக் கொடுப்பவருக்கு ஆள் சரிதானா என்று தெரிய அதுதான் அடையாளம்.

காசைத் திருப்பிக் கொடுத்தால் முடியுமா என்று கேட்டீர்கள். உங்கள் மனசுக்கு முடியும், விஷயத்துக்கு முடியாது. தம்பி தனியாகப் போய் அந்த ஆளிடம் காசை நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. இடமும் பெயரும் தெரிந்துகொண்டு விலகுகிறவரை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காசில் ஒரு தாளும் செலவழிக்காமல் எண்ணிக் கட்டி வையுங்கள். எந்த வழியால், யார் முன்னிலையில் ஒப்படைப்பது என்பதை நாம் சேர்ந்து முடிவெடுப்போம்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிய உங்கள் பயத்தை வெறும் பயம் என்று நான் தட்டிவிடப் போவதில்லை. இந்த ஊரில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று பெயரிலேயே போட்டுக்கொண்டு என் தொழில் வாழ்க்கை முழுதும் கூடவே வருகிறது. மாற்றப் போவதாக ஒவ்வொரு அரசாங்கமும் சொல்லிக்கொண்டும் வருகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகும் தடுப்புக் கட்டளையில் 12 மாதம் வரை வைத்திருக்க இடமுண்டு. ஆனால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவையும் நீங்கள் அறிய வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் ஒன்றுக்கு ஆயத்தம் நடக்கிறதென்று தெரிந்தும் பொலிஸுக்குச் சொல்லாமல் இருந்தால் 7 ஆண்டு வரை சிறை. தெரிந்தவர் என்றால் தம்பி மட்டுமில்லை, நாலு பக்கம் எழுதிய நீங்களும்தான். பயமுறுத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் வேண்டாம் என்கிறேன்.

ஆகவே போவோம். ஆனால் போகிற விதம் இருக்கிறது. 119க்கு அடித்துப் பெயர் சொல்லாமல் வைத்துவிடுவது ஒரு வழி. போட் நாளைக்கு விடிய வெளிக்கிடுகிறது, வேறு நேரம் இல்லை என்றால் அதைச் செய்யுங்கள். நேரம் இருக்கிறபடியால் சட்டத்தரணியோடு நேரில் போவதுதான் என் தெரிவு. முதல் நாள் என் மேசையில் இருந்து, நடந்ததை நடந்த ஒழுங்கில் தம்பி சொல்ல வேண்டும். எத்தனையாம் திகதி, எந்த நேரம், யார் கூட இருந்தது, என்ன சொல்லில் சொன்னது. நல்ல பிள்ளையாகக் காட்டுவதற்கு ஒன்றும் குறைக்கவும் வேண்டாம், அவர்களைப் பெரிய ஆட்களாகக் காட்டக் கூட்டவும் வேண்டாம். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ கொடுத்தது செல்லும். ஒரு சொல் பிசகினால் பிறகு அந்தச் சொல்லோடுதான் வாழ வேண்டும்.

வாக்குமூலம் தமிழில். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தமிழும் அரச மொழி, தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை வாங்கில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கலாம். நாம் தமிழில் சொல்ல, அவர்கள் சிங்களத்தில் எழுத, நாம் கையெழுத்துப் போட, மூன்று வருடம் கழித்து அது மொழிபெயர்ந்து திரும்பி வரும்போது நாம் சொல்லாத கதையாக இருந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கில் பார்த்துவிட்டேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘கொண்டுவரச் சொன்னார்’ என்பதும் ‘கொண்டுவரச் சம்மதித்தேன்’ என்பதும் ஒன்றில்லை. முறைப்பாட்டு இலக்கத்தை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். யாரையாவது தடுத்து வைத்தால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்றால், 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அவர்கள் அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிக்கும்வரை நாம் காத்திருக்க மாட்டோம், நாமே சொல்லுவோம். என்னிடம் கொடுக்கக் காசு இல்லையே என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அதை யோசித்து நாளை வீணாக்க வேண்டாம்.

தகவல் கொடுப்பவரையும் சாட்சியையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தாளில் நல்ல சட்டம். இரவு 11 மணிக்கு உங்கள் ஒழுங்கையில் லைட் அணைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றால் அந்தச் சட்டம் எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதனால் பிள்ளையோடு கொஞ்ச நாள் உங்கள் மாமி வீட்டில் நில்லுங்கள் என்று போனில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை, அக்காவாகச் சொல்வது.

‘போகாவிட்டால் வெட்டுவோம் என்றால் பயத்தில் போனதாகச் சொல்லலாமே’ என்பது உங்கள் கணவரின் கேள்வி. தண்டனைச் சட்டக் கோவையில் அப்படி ஒரு எதிர்வாதம் உண்டு. ஆனால் அது அந்தக் கணத்திலேயே உயிர் போய்விடும் என்று நியாயமாக அஞ்சியவருக்குத்தான். கரையில் ஒரு கிழமை முன்பு சொன்ன மிரட்டலோடு, ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு, துறைமுக வாயிலில் கடற்படையைத் தாண்டி, அவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், பத்து நாள் கடலில் ஓடியவருக்கு அது பொருந்தாது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னிடம் சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது என் கடமை. ஆனால் குற்றத்தைச் செய்து முடிக்க வழி கேட்டு ஒருவர் வந்தால் அந்தக் காப்பு அவருக்குக் கிடையாது. தம்பி என்னிடம் வரும்போது, எப்படித் தப்பிக்கொண்டு போய்வருவது என்று கேட்க வரக்கூடாது. விலகுவது எப்படி என்று கேட்க வரட்டும், எந்த நேரமும் கதவு திறந்திருக்கும்.

கடைசியில் அந்த எட்டு லட்சம். இந்தக் கதை தொடங்கிய இடமே அதுதான், போனில் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் அதைக் கதைத்தோம். வட்டிக்கடன் கட்டாததற்கு யாரும் மறியலுக்குப் போவதில்லை. அது சிவில் விவகாரம், வழக்குப் போட்டால் தவணை கேட்கலாம், வட்டி அநியாயம் என்றால் அதையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். தம்பி காசோலை எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கதை, அதை மறைக்காமல் சொல்லட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்தாரா என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள். புரோநோட்டின் பிரதி இருந்தால் அது, இல்லாவிட்டால் மாதா மாதம் கொடுத்த வட்டியைக் குறித்துவைத்திருக்கும் அந்தச் சிவப்புக் கொப்பி. சம்மாட்டிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்றீர்கள். அவரிடம் முதலில் நான் கதைக்கிறேன், படகு அவருடையது.

செவ்வாய் பின்னேரம் நாலரைக்கு வாருங்கள். பின்பக்கப் படியால் ஏறலாம், முன்னுக்குக் கடைச் சனம். தம்பி வர மறுத்தால் நீங்கள் தனியாக என்றாலும் வாருங்கள்.